கெப்பின் ஸ்பெயார் சில்லு இறங்கவில்லை, அவசரம்

வாகரை_வழி (காலை 6.40)
பின் சில்லு காற்றுப் போய்விட்டது. வாகரையிலிருந்து வரும்போது பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி ரோட்டோரம் நிற்கிறேன். பிக்கப் கெப்புக்கு அடியில் இருக்கிற ஸ்பெயார் சில்லு இறங்குதில்லை. கம்பி விட்டுச் சுற்றியும் பார்த்தாயிற்று. தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள், சாமான் ஏற்றியிருக்கிறேன்.

கல்லடி_கராஜ்
என்ன கெப் தம்பி? ஹைலக்ஸா, டிமெக்ஸா? எத்தனையாம் ஆண்டு? கம்பி சுற்றுகிறதா, இறுகி நிற்கிறதா?

ஓட்டமாவடி_லொறி
டீசலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வாப்பா காலத்தில் இருந்தே எங்கள் லொறிக்கு அதுதான் மருந்து. ஊறவிட்டால் கழராத துரு இல்லை.

பழைய_டீசல்
மாடலும் இல்லை, படமும் இல்லை. இதே கேள்விக்குப் பல தடவை எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இன்னொரு முறை சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். கம்பியே சுற்றாவிட்டால், சில்லைச் சங்கிலியில் ஏற்றி இறக்குகிற வின்சின் பல்சக்கரம் துருப்பிடித்திருக்கிறது. கம்பி சுற்றியும் சங்கிலி அசையாவிட்டால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. சங்கிலியும் சில்லைத் தாங்குகிற அடித்தகடும் கீழே இறங்கி, சில்லு மட்டும் மேலேயே நின்றால் வின்சில் பிழை இல்லை. சில்லு மேலே வண்டியின் சட்டத்தோடு அழுந்தும் இடத்தில் துருவால் ஒட்டிவிட்டது. எது என்று பார்க்காமல் டீசல் ஊற்றுவது வேலை தெரியாதவன் செய்வது.

வாகரை_வழி
ஹைலக்ஸ், 2007. கம்பி சுற்றுது.

அக்கரைப்பற்று_காக்கா
சங்கிலியை வெட்டிவிடுங்கள் தம்பி. பழைய வின்சை வைத்துப் பாடுபடாமல் நான் கிரைண்டரால் ஒரே வெட்டு வெட்டினேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கல்லடி_கராஜ்
காக்கா, பனிச்சங்கேணி ரோட்டில் கிரைண்டருக்குக் கரண்ட் எங்கே? மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில் பொறி பறந்தால் என்ன ஆகும்? பிரேக் குழாயும் பக்கத்திலேயே ஓடுகிறது.
தம்பி, கம்பியை இடப்புறமாகச் சுற்றிக்கொண்டே டோர்ச் அடித்துப் பாருங்கள். சில்லின் நடு ஓட்டைக்குக் கீழே தகடு இறங்கித் தொங்குகிறதா? எட்ட நின்று பாருங்கள். அது 25, 30 கிலோ. எங்கள் கராஜில் வேலை செய்த பையன் அடியில் படுத்திருந்தபோது விழுந்து தோள் விலகிவிட்டது.

ஓட்டமாவடி_லொறி
வேலை தெரியாதவனா? 20 வருடமாக லொறி ஓட்டுகிறேன்.

பழைய_டீசல்
ஓட்டுவது வேறு, கழற்றுவது வேறு. டீசல் பட்டால் டயர் ரப்பர் ஊதிப் பழுதாகும். இது தெரியாமல்தான் நல்ல டயரையும் கெடுக்கிறார்கள்.

ஓட்டமாவடி_லொறி
ஒரு நாள் ஊற்றி, கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் ஒன்றும் ஆகாது. நான் டயரைத் தொட்டிக்குள் போடச் சொல்லவில்லை.

வாகரை_வழி
தகடு நாலு விரல் கீழே தொங்குது. சில்லு அசையவே இல்லை. கொஞ்சம் கெதியாக, மீன் பெட்டி ஏற்றியிருக்கிறேன், ஐஸ் கரையுது.

கல்லடி_கராஜ்
மீனா? அதுதான் காரணம். ஐஸ் தண்ணீர் உப்போடு சாமான் ஏற்றுகிற தட்டின் இடுக்கால் வழிந்து நேரே ஸ்பெயார் சில்லின் நடுக்குழியில் தேங்கும். வெயிலில் காயும், அடுத்த நாள் திரும்ப நனையும். இரண்டு வருடத்தில் சில்லும் சட்டமும் ஒட்டிவிடும். நெல் ஏற்றுகிற கெப்பில் இப்படி நான் கண்டதில்லை.
தகட்டை இதற்கு மேல் இறக்க வேண்டாம். நாலு விரல் போதும், சில்லு விடுபட்டாலும் தகடு தாங்கிக்கொள்ளும். வண்டி ஜக்கில் நின்றால் முதலில் இறக்குங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பிறகு பின்பக்கம் வெளியே நின்றுகொண்டு அலவாங்கை டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் விட்டுக் கீழ்நோக்கி நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பாமல் இடமும் வலமும் மாற்றி மாற்றி. இடையில் டயரின் ஓரத்தில் கட்டையால் நாலு அடி. நெம்பும்போது பிரேக் குழாயில் அலவாங்கு படக்கூடாது.

திருக்கோவில்_வயல்
இதற்குத்தான் ஸ்பெயாரைத் தட்டிலேயே கட்டி வைக்க வேண்டும் என்கிறேன்.

அக்கரைப்பற்று_காக்கா
தட்டில் வைத்த என் ஸ்பெயார் ஒரே இரவில் களவு போனது. புது டயர்.

திருக்கோவில்_வயல்
சங்கிலியும் பூட்டும் போட்டால் எப்படிப் போகும்?

அக்கரைப்பற்று_காக்கா
பூட்டும் சேர்ந்துதான் போனது.

பழைய_டீசல்
மீன் பெட்டி ஏற்றுகிறவர் தட்டில் எங்கே டயர் வைப்பது? கேட்டவர் பிரச்சினைக்கு வாருங்கள்.

வாகரை_வழி (காலை 8.15)
இறங்கிற்று. வாடியில் அலவாங்கு வாங்கி நெம்பினேன், ஏழெட்டு நெம்பலில் டப்பென்று தகட்டில் விழுந்தது. ஸ்பெயாரில் காற்றுக் குறைவு, மெதுவாக வாழைச்சேனை போகிறேன். நன்றி அண்ண.

கல்லடி_கராஜ்
சந்தோசம் தம்பி. போனதும் காற்று அடியுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2214 என்றால் 2014ஆம் ஆண்டு 22ஆவது கிழமை செய்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் அந்த டயரை நம்பி மீன் ஏற்ற வேண்டாம். திரும்ப மாட்டுமுன் சட்டத்தில் ஒட்டியிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கிறீஸ் பூசுங்கள். மீன் இறக்கிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துவிடுங்கள். பழைய ஸ்பெயாரின் இலக்கம் என்ன? பார்த்துப் போடுங்கள்.

ஓட்டமாவடி_லொறி
மண்ணெண்ணெய் ஊற்றினீர்களா, இல்லையா? அதையும் சொல்லுங்கள்.