‘ஊடல் நகைச்சுவை’ வேண்டாம்; ‘முரண்காதல்’ சரிவருமா?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

‘ரொமான்டிக் கொமெடி’ என்ற திரைப்பட வகைக்குத் தமிழ்ப் பெயராக ஐயா முன்வைத்த ‘ஊடல் நகைச்சுவை’ காதுக்கு இனிக்கிறது. குளமும் வயலுமாகக் கிடக்கும் வன்னியில் மருதத்திணைச் சொல்லை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஊடல் என்பது ஏற்கெனவே காதலில் கூடியவர்களின் செல்லக்கோபம். இந்த வகைப் படங்களில் சண்டை முதலில் வருகிறது, காதல் பிறகுதான்.

‘நினோட்ச்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் ஏர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய படம். கதாநாயகி கிரேட்டா கார்போ. புரட்சி அரசு பறித்த நகைகளை விற்கப் பாரிஸுக்குப் போன மூன்று சோவியத் அதிகாரிகள் சொகுசில் மயங்கிவிட, வேலையை முடிக்க நினோட்ச்கா அனுப்பப்படுகிறாள். எதிர்த்தரப்பில் நகைகளின் பழைய சொந்தக்காரியான கோமகளும், அவளுக்காக வாதாடும் லியோன் என்ற பிரபுவும். முதற் சந்திப்பில் அவன் குழைகிறான். அவளோ ஐஃபல் கோபுரத்தின் தொழில்நுட்பத்தை விசாரிக்கிறாள். இதில் ஊடல் எங்கே இருக்கிறது? வர்க்கமும் அரசியலும் அல்லவா குறுக்கே நிற்கின்றன!

அவன் சொல்லும் பகிடி எதற்கும் அவள் அசைவதில்லை. தொழிலாளர்கள் சாப்பிடும் கடையில், அலுத்துப்போய்ப் பின்னால் சாய்ந்தவன் கதிரையோடு சரிந்து விழுகிறான். கடையே சிரிக்கிறது, அவளும் அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள். ‘கார்போ சிரிக்கிறார்’ என்றே படத்துக்கு விளம்பரம் செய்தார்கள். நகை விற்க வந்தவள் நகைத்த இடம் அது. (இந்தச் சிலேடை லூபிட்சுக்குக் கொடுத்துவைக்கவில்லை.)

சென்ற மாதம் கிளிநொச்சியில் எங்கள் முற்றத்தில் இந்தப் படத்தைப் போட்டோம். மொஸ்கோவுக்குத் திரும்பிவிட்ட நினோட்ச்காவின் வீட்டில் நண்பர்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து ஒம்லெட் போடும் காட்சியில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்த என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு லியோனின் கடிதம் வருகிறது. விளிப்பும் கையொப்பமும் மட்டும் மிஞ்ச, நடுவில் உள்ள அத்தனையையும் தணிக்கை அடித்திருக்கிறது. அதற்கு முற்றத்தில் மற்ற எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

‘காதல் நகைச்சுவை’ போதாதா என்று வவுனியாத் தம்பி கேட்டிருந்தார். போதாது, தம்பி. நம் படங்கள் பலவற்றில் காதலுக்கு ஒரு சோடி, சிரிப்புக்கு வேறொரு சோடி. அவையும் அந்தப் பெயருக்குள் வந்து குந்திவிடும். இங்கே காதலிப்பவர்களே சிரிப்புக்கும் பொறுப்பு.

ஆகவே என் பரிந்துரை ‘முரண்காதல்’. யாப்பிலே முரண்தொடை என்றொன்று உண்டு: எதிரெதிரான சொற்களைக் கொண்டே அடிகளைத் தொடுப்பது. பூத் தொடுக்க நார் வேண்டும். இங்கே பகையே நார். ‘முரண்நகை’ இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் ‘ஐரனி’ என்பதற்கு அது எப்போதோ பதிவாகிவிட்டது. பறித்தால் திறனாய்வாளர்கள் சண்டைக்கு வருவார்கள்.

‘மண்’ணும் ‘குடம்’உம் மட்குடமாவதைக் காட்டி, ‘முரட்காதல்’ என்று திருத்த யாராவது வருவீர்கள் என்பது தெரியும். அதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த திரையிடலுக்குப் பதாகை எழுதும் தம்பி அதை எழுத்துப்பிழை என்று நினைத்து ‘முரட்டுக் காதல்’ ஆக்கிவிடுவார். சனம் நிறையக் கூடும். கூடியபிறகு சண்டைக்காட்சி எங்கே என்று என்னிடம்தான் கேட்கும்.