மனைவிக்குக் காலை ஷிப்ட், ஊரில் ஆச்சி: பிள்ளைகளோடு ஜெர்மனி வரும் குமரி மாவட்டத்து அப்பாக்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிற பெண்கள் இப்போது நிறைய. அவர்கள் போய் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிற கணவன்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். லீவுக்கு ஊருக்கு வந்ததிலிருந்து யாராவது ஒருவர் வீடு தேடி வந்து இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்வதற்கு மொத்தமாக எழுதிவிடலாம். நாங்கள் இருப்பது நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம். கீட்டா (அங்குள்ள பாலர் பள்ளி), பள்ளிக்கூட விஷயங்கள் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

நம்ம மாவட்டத்தில் வெளிநாட்டு அப்பா என்றால் வளைகுடா அப்பாதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவார், பாதியில் நின்ற வீட்டை வார்ப்பார், பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும், பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். பணம் ஒழுங்காக வந்தது. பிள்ளைகளை அம்மாவும் ஆச்சியும் சித்தியும் பார்த்துக்கொண்டார்கள். என் அப்பாவும் அப்படி உழைத்தவர்தான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஜெர்மனியில் ஓடாது. மனைவிக்குக் காலை ஷிப்ட் என்றால் ஆறு மணிவாக்கில் வார்டில் நிற்க வேண்டும். கீட்டா திறப்பதோ ஏழு, ஏழரைக்கு. எழுப்பி, பல் தேய்த்து, உடுப்பு மாட்டி, டப்பாவில் ரொட்டியும் கேரட்டும் வைத்துக் கொண்டுபோய் விட ஆச்சியும் கிடையாது, பக்கத்து வீட்டு அக்காவும் கிடையாது. நீங்கள்தான். இதை மனைவிக்குச் செய்கிற உபகாரமாக நினைத்து வருகிறவர்கள் வீட்டில் சீக்கிரமே சண்டை வருகிறது. உங்கள் வேலை என்று நினைத்தே விமானம் ஏறுங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை பிறந்த உடனே வாங்கிய சான்றிதழில் பெயர் இடம் காலியாகவே இருக்கும். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ இப்போதே சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் என்றால் அங்கே ஒருவருக்கும் புரியாது, குடும்பப் பெயர் ஒன்று கேட்பார்கள். என் அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர் என்பதால், கீட்டா டீச்சர் கூப்பிடும்போதெல்லாம் ஊரிலிருக்கும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றும். பழகிவிடும்.

தடுப்பூசி அட்டை அதைவிட முக்கியம். 2020 மார்ச் 1 முதல் அங்கே தட்டம்மைத் தடுப்பூசிச் சட்டம் இருக்கிறது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு ஒரு டோஸ், இரண்டு வயது முடிந்தால் இரண்டு டோஸ் போட்டதற்கு ஆதாரம் இல்லாமல் கீட்டாவில் சேர்க்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையில் தேதி அழிந்திருந்தாலோ, கிறுக்கலாக இருந்தாலோ, டாக்டரிடம் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை தோளில் உள்ள பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைப் பார்த்து அங்குள்ள டாக்டர் ‘இது என்ன’ என்று கேட்கலாம். 1998-லிருந்து அங்கே அந்த ஊசிக்குப் பரிந்துரை இல்லை. பயப்பட ஒன்றுமில்லை.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில்தான் எல்லா வீட்டிலும் அம்மாமார் கை ஓங்கும். பச்சை ஏத்தங்காயை (நேந்திரன் வாழைக்காய்) தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, மொட்டை மாடியில் சருகு போலக் காயவைத்துப் பொடித்த ஏத்தங்காய்ப் பொடி கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அவசியம். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, அதில் பொடியைக் கட்டி விழாமல் கலக்கி, அடுப்பைக் குறைத்து வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்து பளபளவென்று வந்து கரண்டியில் ஒட்டாமல் வழுகும்போது இறக்க வேண்டும். அதை ஊரிலேயே கற்றுக்கொண்டு போங்கள். வீடியோ காலில் ஆச்சி சொல்லச் சொல்லக் கிண்டினால் அடி பிடித்துவிடும்.

மார்த்தாண்டம் தேனை இரண்டு கிலோ வரை கொண்டுபோகத் தடையில்லை. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூடத் தொட்டு வைக்காதீர்கள். நாக்கில் தேன் வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பெரியவர்களை ஒன்றும் செய்யாவிட்டாலும், பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். அங்குள்ள மருத்துவச்சி முதல் வாரத்திலேயே இதைச் சொல்வார். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக முடியாது. மாம்பழம், கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் வேண்டாம்! அன்னாசி, பேரீச்சை, டுரியானோடு சேர்த்து ஐந்துக்குத்தான் இந்தச் சலுகை. மட்டி வாழைப்பழக் குலை கொண்டுபோகலாம், நசுங்காமல் போய்ச் சேர்வது உங்கள் சாமர்த்தியம். கருவாட்டுக்கும் தடையில்லை, ஆனால் வாடகை ஃப்ளாட்டில் நெத்திலி பொரித்தால் கட்டிடம் முழுக்கத் தெரியும்.

இனி கீட்டா. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இடம் கேட்பது 2013 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி உரிமை. உரிமை இருக்கிறதே தவிர இடம் சுலபத்தில் இல்லை. மனைவி முதலில் போயிருந்தால், நீங்கள் விசாவுக்குக் காத்திருக்கும்போதே நகராட்சியின் இணையதளத்தில் எப்படிப் பதிவது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கீட்டா கிடைக்காவிட்டால் டாகஸ்முட்டர் இருக்கிறார்கள்: உரிமம் பெற்று, தம் வீட்டிலோ வாடகை இடத்திலோ அதிகபட்சம் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள். சின்னப் பிள்ளைக்கு அது ஒருவகையில் நல்லதும்கூட. எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கு முந்தைய கடைசி இரண்டு வருடம் கீட்டா கட்டணம் இல்லை.

ஊரில் எல்கேஜி சேர்ப்பது போல வாசலில் விட்டுவிட்டு, அழுகிற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் வர அங்கே விட மாட்டார்கள். முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் கூடவே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். போன் பார்க்கக் கூடாது, விளையாட்டில் தலையிடவும் கூடாது. நாலாம் நாள் வாக்கில் ‘அப்பா போய்ட்டு வாறேன்’ என்று சொல்லிவிட்டுச் சில நிமிடம் வெளியே. பிள்ளை டீச்சரிடம் சமாதானம் ஆனால் மறுநாள் கொஞ்சம் கூட, ஆகாவிட்டால் கொஞ்சம் பொறுத்து. மொத்தம் சில வாரங்கள் இழுக்கும். இதற்கு அப்பா போவதே நல்லது என்பது என் கட்சி. வேலையோ இன்டகிரேஷன் கோர்ஸோ (புதிதாக வருகிறவர்களுக்கான ஜெர்மன் மொழி வகுப்பு) தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். அந்த மூலையில் உட்கார்ந்தால் நாலு வயசுப் பிள்ளைகள் பேசும் ஜெர்மன் காதில் விழும், கோர்ஸில் வராத ஜெர்மன் அது.

கீட்டாவில் கேட்கும் சாமான்: வீட்டுச் செருப்பு, மாற்றுத் துணி, ரப்பர் பூட்ஸ், மழைக் கால்சட்டை. மழை பெய்தாலும் பிள்ளைகளை வெளியே விடுவார்கள், சகதியில் புரண்டு வரும். இரண்டு பருவமழையும் பார்க்கிற மாவட்டத்திலிருந்து போகிறோம், ஆனாலும் நாலு தூறல் விழுந்தாலே ‘தலையில துண்டு போடு மக்கா’ என்று கத்துகிற வளர்ப்பு நமக்கு. அந்தப் பதற்றத்தை டீச்சரிடம் காட்ட வேண்டாம்.

கருங்கலில் ஒரு தம்பி கேட்டார்: ‘பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, ரெண்டு பேரும் வேலைக்குப் போனா என்ன செய்யணும் அண்ணா?’ கேட்க வேண்டிய கேள்வி. முதல் குளிர்காலம் முழுக்கச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். காய்ச்சல் பிள்ளையைக் கீட்டாவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்; போன் வந்தால் யாராவது ஓடியாக வேண்டும். அதற்காகவே சட்டத்தில் லீவு இருக்கிறது. அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், 12 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15 வேலைநாள், அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி. 2024-லிருந்து இந்த அளவு. முதல் நாளே பிள்ளையின் டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும், விட்டுப்போன நிகரச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் காப்பீட்டுக்காரர்கள் தருவார்கள். ‘நர்ஸ்தானே, அவளே பார்த்துக்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். வார்டில் ஆள் குறைந்தால் என்ன பாடு என்று அவர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இரவிலோ ஞாயிறிலோ டாக்டர் வேண்டுமென்றால் 116117, உயிருக்கு ஆபத்தென்றால் 112. எடுத்ததும் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் எதிர்பார்க்காதீர்கள். ‘தண்ணீர் நிறையக் கொடுங்கள், தூங்கட்டும்’ என்று அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். நாம் எல்லாம் அடி வாங்கி வளர்ந்தவர்கள். புளியங்கம்பு, ஸ்கேல், அப்பாவின் பெல்ட், எதுவும் பாக்கி இல்லை. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, வன்முறையில்லாமல் வளர்க்கப்படுவது பிள்ளையின் உரிமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பெற்றோர் அடிப்பதும் அதில் அடங்கும், மனம் நோக அவமானப்படுத்துவதும் அடங்கும். பிள்ளை கீட்டாவில் ‘அப்பா அடிச்சாங்க’ என்று சொன்னால் டீச்சர் கேட்காத மாதிரி இருக்க மாட்டார். இளையோர் நல அலுவலகம் வரை போகலாம். உடனே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாட்சப்பில் சுற்றுகிற கதையை நம்பி நடுங்க வேண்டாம். முதலில் பேசுவார்கள், உதவி வேண்டுமா என்று கேட்பார்கள். ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் கையைக் கட்டிக்கொள்வது எத்தனை நாளைக்கு? காலையில் ஜாக்கெட் போட மாட்டேன் என்று தரையில் உருளும் மூன்று வயசுப் பையனிடம், ‘நீல ஜாக்கெட்டா, சிவப்பா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அநேக நாள் வேலை செய்யும். செய்யாத நாளில் உருளட்டும், நீங்கள் கொஞ்சம் பிந்திப் போங்கள்.

பணம். கிண்டர்கெல்ட் என்று பிள்ளைக்கு மாதம் 255 யூரோ 2025-இல், 259 யூரோ 2026-லிருந்து. விண்ணப்பித்ததற்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுக் கிடைக்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அங்கே போய்ப் பிள்ளை பிறக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. எல்டர்ன்ட்சைட் என்ற பெற்றோர் விடுப்பு அப்பாவுக்கும் உண்டு. ஏழு வாரம் முன்பே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், வேலை போகாது. எல்டர்ன்கெல்ட் என்ற உதவித்தொகை, பொதுவாகப் பழைய நிகரச் சம்பளத்தில் 65 சதவீதம், மாதம் 300 முதல் 1800 யூரோ வரை. ஒருவர் மட்டும் எடுத்தால் 12 மாதம், மற்றவரும் குறைந்தது இரண்டு மாதம் எடுத்தால் மொத்தம் 14. அந்த இரண்டு மாதத்தை நம் ஆட்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், ‘ஆம்பளை பிரசவ லீவா’ என்று ஊரில் சிரிப்பார்களாம். அங்கே டீம் லீடரே எடுக்கிறார், மக்கா. 2024 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, அம்மாவும் அப்பாவும் ஒரே சமயத்தில் பணத்தோடு எடுப்பது பொதுவாக ஒரு மாதம்தான். அதைப் பிரசவம் முடிந்த உடனே எடுங்கள், மற்ற மாதத்தை மனைவி வேலைக்குத் திரும்பும்போது தனியாக எடுங்கள். பகல் முழுக்க ஒரு கைக்குழந்தையோடு தனியாக இருந்த அப்பாவுக்கும் இராத அப்பாவுக்கும் வித்தியாசம் பிள்ளைக்கே தெரியும்.

அப்போது ஆச்சியை எப்போது வரவழைப்பது? விசிட் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். வழக்கப்படி பிரசவத்துக்கே எல்லோரும் அழைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் மனைவி எப்படியும் விடுப்பில் இருப்பார், நீங்களும் இருப்பீர்கள். மூன்று பெரியவர்களும் ஒரு சின்ன ஃப்ளாட்டில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளை தவழத் தொடங்கி, மனைவி ஷிப்டுக்குத் திரும்பும் மாதங்களில் அந்த 90 நாளை வைத்தால் உண்மையான உதவி. கூடுமானால் மே முதல் ஆகஸ்ட் வரை. நவம்பரில் அழைத்து, நாலரை மணிக்கே இருட்டிவிட்ட ஜன்னல் பக்கம் அவர்களை உட்கார வைக்காதீர்கள்.

தமிழைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள், ஜெர்மனைக் கீட்டா பார்த்துக்கொள்ளும். பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். பிள்ளை யாழ்ப்பாணத் தமிழும் நம்ம ‘லே’யும் கலந்து பேசும், பேசட்டும்.

கடைசியாக, டிக்கெட். எங்கள் மாநிலத்தில் செப்டம்பர் 30-க்குள் ஆறு வயது முடியும் பிள்ளை அந்த வருடமே பள்ளிக்குப் போயாக வேண்டும். அதன்பின் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே கிளம்புவது, நாலு நாள் கழித்து வருவது எல்லாம் கூடாது, அபராதம் விழலாம். கோட்டாறு சவேரியார் திருவிழாவும் மண்டைக்காடு கொடையும் பள்ளி நாட்களில் வரும், ஆகவே பிள்ளை கீட்டாவில் இருக்கும்போதே ஒருமுறை கூட்டிவந்து காட்டிவிடுங்கள். சுசீந்திரம் மார்கழித் தேர் சில வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்குள் அகப்படும், ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குத் திருவனந்தபுரம் டிக்கெட் விலை ஏறிக் கிடக்கும். ஜூலையிலேயே போட்டுவிடுங்கள்.