வினைவேகப் பாடம்: வெப்பநிலையைச் செய்து காட்ட யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

புறப்பரப்பளவுக்குச் சுண்ணாம்புக்கல் போதும். கட்டியையும் தூளையும் சம எடையில் எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் தூள் சட்டென்று நுரைக்கும். வினையூக்கிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை மாங்கனீசு டை ஆக்சைடு.

வெப்பநிலைதான் சிக்கல். சோடியம் தயோசல்பேட்டில் அமிலம் சேர்த்து, கரைசல் கலங்கி, குடுவைக்கு அடியில் வரைந்த பெருக்கல் குறி மறையும் நேரத்தைக் குறிப்பது அருமையான சோதனை. ஆனால் கந்தக டை ஆக்சைடு வெளிவரும். சூடாக்கினால் நெடி இன்னும் கூடும். காற்றோட்டம் குறைந்த அறையில், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு அதைச் செய்ய மாட்டேன்.

அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடலாம். குளிர்ந்த கரைசலில் ஊதா நிறம் மெதுவாகப் போகும், 60 டிகிரியில் விரைவாக. ஆனால் வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகிவிடுவதால், சூடேற்றாமலேயே அடுத்தடுத்த சொட்டுகள் வேகமாக நிறமிழக்கும். இரண்டு காரணிகள் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

வெப்பநிலையின் விளைவை மட்டும் தனியே காட்டும், நெடியில்லாத சோதனை ஏதாவது செய்திருக்கிறீர்களா? எங்களிடம் வெப்பமானியும் வெந்நீரும் உண்டு, வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கும் நீர்த்தொட்டிக் கருவி இல்லை. கரைசலின் செறிவு, அளவு, ஆகும் நேரம் மூன்றையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.