தாத்தாவோட டாடா மொபைல் 206, ரெண்டரை லட்சத்துல மறுபடி ரோட்டுக்கு கொண்டு வர முடியுமா?

அந்தியூர்க்காரன்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். எங்க தாத்தா 1992ல எடுத்த டாடா மொபைல் 206, சிங்கிள் கேபின், வீட்டுக்கு பின்னாடி தகர செட்டுல நிக்குது. ஈரோட்டுக்கு மஞ்சள் லோடு, தேங்காய் லோடு எல்லாமே ஒரு காலத்துல இதுலதாங்க போகும். தாத்தா இறந்ததுக்கு அப்புறம் யாரும் எடுக்கல, பல வருஷமா அப்படியே கிடக்குது. சித்தப்பா இரும்புக்கடைக்கு போட்டுரலாம்ங்கறாரு, எனக்கு மனசே வரலைங்க, நான் ஸ்கூலுக்கு போனதே இந்த வண்டில பின்னாடி உக்காந்துதான்.

இப்ப நிலைமை என்னன்னா, இன்ஜின் ஜாம் ஆகல, முன்னாடி புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு சுத்துனா சுத்துது. ரெண்டு கதவும் அடிப்பக்கம் துரு தின்னுருச்சு, டிரைவர் கால் வைக்கிற எடத்துல ஓட்டை, பின்னாடி தொட்டி தரை பாதி இல்ல, முன் கண்ணாடி விரிசல். ஆர்.சி. புக்கு பழைய கையெழுத்து புக்குங்க, தாத்தா பேர்லயே இருக்குது, மஞ்ச போர்டு (தொழில் வண்டி), எஃப்.சி.ங்கற தகுதிச் சான்று முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு.

கையில ரெண்டரை லட்சம் இருக்குது, அதையும் ஒரே அடியா இல்லாம ஒரு வருஷத்துக்கு பிரிச்சு பிரிச்சுதான் போட முடியும். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் டாடாவோட பெரிய பிக்கப் 207 டிஐ இன்ஜினை தூக்கி போடு, பெரிய டயர் போடு, ரோல் பார் போடு, எல்.இ.டி. பார் போடுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. டிங்கரிங்ல ஆரம்பிக்கறதா இன்ஜின்ல ஆரம்பிக்கறதா? இந்த காசுக்கு நடக்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கமான் பட்டறை:

தம்பி முதல்ல ஒண்ணு, இரும்புக்கடைக்கு மட்டும் விட்றாத. 1988ல டெல்கோ (டாடா மோட்டார்ஸோட பழைய பேர்) இந்த மொபைல இறக்குனப்ப சின்ன பிக்கப்னு அவங்க கிட்ட வேற எதுவும் கிடையாது, இதோட அடித்தளத்துல இருந்துதான் 1991ல சியராவே வந்துச்சு, அடுத்த வருஷம் எஸ்டேட் கார், 1994ல சுமோ. ஊர் பூரா சுமோவை ஞாபகம் வச்சிருக்கான், இதை மறந்துட்டான். நல்ல நிலைமைல இருக்கற 206 ரோட்டுல பாக்கறதே அபூர்வமா போச்சு.

கேள்விக்கு வரேன். டிங்கரிங்கும் இல்ல இன்ஜினும் இல்ல, சேஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல ஆரம்பி. வண்டிய நாலு ஸ்டாண்டுல ஏத்தி, தண்ணி அடிச்சு சேறு எல்லாம் எடுத்துட்டு, சின்ன சுத்தியல எடுத்துட்டு சேஸ் முழுக்க தட்டிட்டே போ. நல்ல இரும்புன்னா கணீர்னு கேக்கும், உள்ள துரு தின்ன எடத்துல சத்தம் செத்து போயிரும். முக்கியமா பாக்க வேண்டியது பின் கமான் பட்டை (வண்டி பாரத்தை தாங்கற வில்லு இரும்பு) மாட்டற ஹேங்கர், அதுக்கு மேல இருக்கற சேஸ், கேபின் உக்காரற பிராக்கெட், பின் சக்கரத்துக்கு நேர் மேல. தொட்டில தேங்காய், மஞ்சள், எரு எல்லாம் ஏத்தி ஈரம் கீழ இறங்கிருக்கும்ல, அந்த எடம்தான் முதல்ல போகும். ஹேங்கர் பக்கம் கை வச்சா உள்ள போகுதுன்னா அதை நல்ல கனமான பிளேட் வச்சு செய்யணும், மேல தகரம் ஒட்டி பெயிண்ட் அடிச்சு மறைக்கறவன் கிட்ட போகாத.

அடுத்து பிரேக். இதுல கஞ்சத்தனமே கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு, இரும்பு பைப்பு லைன் முழுக்க மாத்து, துரு பிடிச்ச பைப்பை ஒட்டு போட்டு ஓட்டறது எல்லாம் உயிரோட விளையாடறது. டீசல்ல பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் தர்றது தனி பம்ப், அது வேலை செய்யலன்னா பெடல் கல்லு மாதிரி இருக்கும், அதையும் கழட்டி பாத்துரு.

கமான் பத்தி ஒரு வார்த்தை. காலி வண்டி தூக்கி தூக்கி போடுதுன்னு ரெண்டு பட்டை உருவிடுன்னு எவனாவது சொல்வான். மெயின் பட்டையிலயும் அதுக்கு அடுத்த பட்டையிலயும் கையே வைக்க கூடாது. செட்டை மொத்தமா கழட்டி, துரு சுரண்டி, பட்டை அடிச்சு வளைவு சரி பண்ணி, புது புஷ், புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் போட்டு கிரீஸ் வச்சு கட்டுனாலே பாதி குலுக்கல் போயிரும். நீ இனிமே டன் கணக்குல லோடு ஏத்தறதில்லன்னா மட்டும் அடியில இருக்கற ஒரு பட்டையை எடுக்கலாம், அதுவும் கமான்காரர் பாத்து சொன்னா.

பழைய டீசல் பிரியன்:

மேல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. இன்ஜின் பத்தி நான் சொல்றேன்.

207 டிஐ இன்ஜின் வேண்டவே வேண்டாம் ப்ரோ. அது 2956 சிசி, உங்களோடது 1948 சிசி. எடை வேற, மவுண்ட் வேற, ரேடியேட்டர்ல இருந்து சைலன்சர் வரைக்கும் எல்லாத்தையும் வெட்டி ஒட்டணும், முன் சஸ்பென்ஷன் அந்த பாரத்துக்கு பண்ணது கிடையாது, கடைசில ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் நிக்கணும். ரெண்டரை லட்சம் அங்கயே முடிஞ்சிரும். உங்க வண்டில இருக்கற 483 டிஎல் இன்ஜின்தான் ஆரம்பகால சுமோலயும் சியராலயும் இருந்தது, அதனால பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் சுமோ பேர் சொல்லி கேட்டாலே பழைய கடைகள்ல எடுத்து குடுப்பாங்க. கத்தும், ஓடவும் அவசரப்படாது, ஆனா ஒழுங்கா ஆயில் மாத்துனா நம்மள நடு ரோட்ல விடாது.

ஆனா ஒண்ணு, ஆர்வத்துல பேட்டரி வாங்கிட்டு வந்து நேரா செல்ஃப் அடிச்சிராதீங்க. டேங்கை இறக்கி பழைய டீசல் முழுக்க வெளிய எடுங்க, உள்ள வழவழன்னு கருப்பா படிஞ்சிருக்கும், கழுவி காய வைங்க. ஃபில்டர் புதுசு, ரப்பர் லைன் புதுசு. இந்த இன்ஜின்ல ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சூடு பண்ற ஹீட்டர் பிளக் இருக்கும், நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் கையால மெதுவா சுத்துங்க, அதுக்கு அப்புறம் பிளக் இல்லாமயே செல்ஃப்ல சுத்த விட்டு ஆயில் பிரஷர் ஏறுதான்னு பாருங்க. ஏறுச்சுன்னா மட்டும் பிளக்கை மாட்டுங்க. வால்வை நேரத்துக்கு திறக்க வைக்கற டைமிங் சைடு என்ன நிலைமைன்னு தெரியாம ஸ்டார்ட் பண்ண கூடாது, அதையும் திறந்து பாத்துருங்க.

முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் ஏர் ஃபில்டர் வாய்கிட்ட தட்டையான பலகை ஒண்ணோட நிக்கணும். பல வருஷம் நின்ன டீசல் பம்ப் உள்ள மாட்டிக்கிட்டு இன்ஜின் தன்னால ரேஸ் ஏறுனா சாவிய திருப்பி நிறுத்த முடியாது, காத்தை அடைச்சாதான் நிக்கும். கை வச்சு அடைக்காதீங்க, இழுத்துரும்.

ஓட ஆரம்பிச்சு சூடானதும் ஆயில் ஊத்தற மூடியை திறந்து பாருங்க. லேசா ஆவி வந்தா பரவால்ல, குபுகுபுன்னு புகை தள்ளுச்சுன்னா ரிங் போயிருக்கு. சைலன்சர்ல நீலப்புகைன்னா ஆயில் எரியுது, கருப்புன்னா பம்ப், நாசில், ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்க, வெள்ளைப்புகை ஸ்டார்ட்டிங்ல வந்து சூடானதும் நின்னா ஹீட்டர் பிளக்கை பாத்தா போதும். கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சுன்னா இன்ஜினை பிரிக்கவே வேண்டாம், பம்பும் நாசிலும் மட்டும் டீசல் பம்ப் கடைல குடுத்து செட் பண்ணி வாங்கிட்டா உங்க பட்ஜெட் தப்பிச்சுரும்.

மஞ்ச போர்டு:

எல்லாரும் ஸ்பேனரோட நிக்கறீங்க, நான் பேப்பர் பத்தி பேசறேன், ஏன்னா ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி இதை முடிக்கணும்.

தாத்தா பேர்ல இருக்கறதால வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மத்த வாரிசுங்களோட ஒப்புதல் எல்லாம் வச்சு படிவம் 31ல பேர் மாத்தணும். சித்தப்பா கையெழுத்தும் வேணும், அதனால அவர்கிட்ட சண்டை போடாம பேசிக்கோங்க. கையெழுத்து ஆர்.சி.ன்னா வண்டி விவரம் அரசோட வாகன் இணையதளத்துல ஏறியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர பாத்து ஏத்தித்தான் மத்த வேலையே நடக்கும். அப்புறம் ரொம்ப முக்கியம், வண்டி ஓடலைன்னு அப்பவே எழுதி குடுத்தாங்களா இல்லையா? குடுக்கலன்னா வரி பாக்கி, அபராதம் எல்லாம் சேந்து நிக்கும், பசுமை வரி தனி. அந்த மொத்தத்தை எழுத்துல வாங்கிட்டு அப்புறமா வண்டி மேல கை வைங்க. பாக்கி பெருசா இருந்தா உங்க ரெண்டரை லட்சக் கணக்கே மாறிரும்.

மஞ்ச போர்டாவே வச்சுக்கிட்டா 8 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. ஆர்.சி.ல மொத்த எடை 3000 கிலோக்கு மேல போகலன்னா பெர்மிட் தேவையில்ல, அது ஒரு நிம்மதி. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டா மாத்தணும்னா முடியுமா முடியாதான்னு உங்க ஆபீஸ்ல எழுதி கேட்டு பதில் வாங்குங்க, புரோக்கர் வாய்ச்சொல்லை நம்பாதீங்க. வெள்ளை போர்டு கிடைச்சாலும் 20 வருஷம் தாண்டின கார் வகை வண்டிக்கு பதிவு புதுப்பிக்கற கட்டணத்தை 2025ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க, அதையும் கணக்குல வைங்க. விண்டேஜ் பதிவு பண்ணலாமேன்னு யாராச்சும் சொன்னா அது 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு மட்டும், உங்களோடதுக்கு அது பொருந்தாது.

மாடிஃபிகேஷன் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லிருச்சு. கலர் மாத்துனாலும் இன்ஜின் மாத்துனாலும் ஆர்.சி.ல ஏறணும். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கற டயர், ரோல் பார், எல்.இ.டி. பார் எல்லாம் எஃப்.சி. அன்னைக்கு கழட்ட சொல்லுவாங்க, போலீஸ் நிறுத்துனா அதுக்கும் அபராதம், விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் அதையே சாக்கா சொல்லுவான்.

அந்தியூர்க்காரன்:

ரொம்ப நன்றிங்ணா எல்லாருக்கும். இன்ஜின் மாத்தற யோசனையை விட்டுட்டேன்ங்க. சித்தப்பாகிட்ட பேசினேன், கையெழுத்து போடறேன்னுட்டாரு, வரிப் பாக்கி கேட்டு மனு குடுக்க போறேன். சுத்தியல் வச்சு தட்டுனேன், இடது பக்க பின் ஹேங்கர்கிட்ட மட்டும் சத்தம் வேற மாதிரி இருக்குது, மத்தது நல்லா இருக்குதுங்க.

ஆனா வண்டிய பாத்தா கொஞ்சம் நம்மளோடதுன்னு தெரியற மாதிரி ஏதாச்சும் பண்ணனும்னு ஆசைங்க, சட்டத்துக்கு உட்பட்டு என்ன பண்ணலாம்? டிங்கரிங், பெயிண்ட்ல காசை எப்படி மிச்சம் புடிக்கறது?

புதுப்பேட்டை பக்கம்:

ப்ரோ டிங்கரிங்ல காசு போறதே ரெண்டாவது தடவை செய்யறதுலதான். துரு மேல பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா ஒரு மழைக்காலம் தாண்டாது, கொப்புளம் கொப்புளமா கெளம்பும். துரு தின்ன பாகத்தை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, தரைக்கு 18 கேஜ் தகரம், கதவு அடிக்கு 20 கேஜ் வச்சு சி.ஓ.டூ வெல்டிங் பண்ண சொல்லுங்க, கேஸ் வெல்டிங் சூட்டுக்கு கதவுத் தகரம் நெளிஞ்சு போகும், அந்த நெளிவை மறைக்க மறுபடி கிலோ கணக்குல பட்டி. வெல்டிங் முடிஞ்சதும் எப்பாக்சி பிரைமர், ஜாயிண்ட்ல சீலர், கதவு உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே. கதவு அடியில தண்ணி வடியற சின்ன ஓட்டைங்க இருக்கும், அதை அடைச்சிட்டு போயிருவாங்க, நின்னு பாத்து திறந்து விடுங்க, உங்க கதவு துரு பிடிச்சதே அந்த ஓட்டை அடைச்சதால இருக்கலாம்.

கேபினுக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட், உள்பக்கம், தொட்டி அடி எல்லாம் கம்மி விலை பெயிண்ட் போதும். கழட்டறது, சுரண்டறது, உப்புத்தாள் போடறது எல்லாம் நீங்களே ஞாயித்துக்கிழமை உக்காந்து செஞ்சீங்கன்னா கூலில நல்லா மிச்சமாகும். கழட்டற ஒவ்வொரு நட்டையும் கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க, போட்டோவும் எடுங்க.

பார்ட்ஸுக்கு சென்னை வந்தா புதுப்பேட்டை, கோவைன்னா உக்கடம் பழைய இரும்பு கடைங்க. சியராவுக்கும் 206க்கும் முகமும் டேஷ்போர்டும் நெருங்கின சொந்தம், ஆனா கண்ணால பாத்து ஒண்ணுன்னு நினைச்சு வாங்காதீங்க, பழைய பாகத்தை கையில கொண்டு வந்து பக்கத்துல வச்சு அளந்து வாங்குங்க.

உங்களோடதுன்னு தெரியணும்னு கேட்டீங்கள்ல, என் ஆசைய சொல்றேன். தாத்தா வச்சிருந்த அதே கலர் அடிங்க. ஆர்.சி.லயும் கை வைக்க வேண்டாம், ஊர்ல அந்த வண்டிய தெரிஞ்சவங்க தூரத்துல இருந்தே கண்டுபிடிப்பாங்க. சீட்டுக்கு நல்ல கனமான ரெக்சின்ல கைத்தையல், கேபின் தரைக்கு சத்தம் தாங்கற மேட், அதுக்கு மேல ரப்பர். ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் ஹாலஜனே போதும், ரெண்டு ரிலே வச்சு பேட்டரில இருந்து நேரா கனமான வயர் குடுங்க, பழைய ஸ்விட்ச் வழியா போற கரண்ட்தான் மங்கலா எரியறதுக்கு காரணம், வெளிச்சம் எவ்வளவு கூடுதுன்னு நீங்களே பாப்பீங்க. பழைய வயரிங் கையில ஒடிஞ்சுதுன்னா முழு ஹார்னஸும் மாத்திருங்க, ஃபியூஸ் இல்லாம ஒரு லைனும் விடாதீங்க. டயர் கம்பெனி அளவுலயே நல்ல ரேடியல். அலாய் எல்லாம் வேண்டாம், இரும்பு ரிம்மை மணல் அடிச்சு பவுடர் கோட்டிங் பண்ணுனா அந்த வண்டிக்கு அதுதான் அழகு.

தொட்டி தரைக்கு மரப்பலகை போடுங்க, என்னை கேட்டா முழு வண்டிலயும் நாலு பேர் நின்னு பாக்கற எடம் அதுதான்.

அந்தியூர்க்காரன்:

மரப்பலகை யோசனை ரொம்ப புடிச்சுருக்குதுங்க. இங்க பட்டறைல செக்கர் பிளேட் (மேல வரி வரியா இருக்கற இரும்புத் தகடு) தான் போடணும், மரம் உளுத்துரும்ங்கறாங்க. எப்பவாவது தேங்காய், உர மூட்டை ஏத்துவோம், தாங்குங்களா?

கமான் பட்டறை:

தாங்கும் தம்பி. லாரி பாடியே பலகைலதான கட்டறாங்க. 3 மில்லி இரும்பு பிளேட் ஒரு சதுர மீட்டருக்கு 23 கிலோக்கு மேல வரும், செக்கர்னா இன்னும் கூட, அது உன் கமான் மேல சும்மாவே உக்காந்திருக்கும், அதுக்கு அடியில ஈரம் நின்னா கிராஸ் மெம்பர்ங்கற குறுக்கு இரும்பு மறுபடி துரு. நல்லா காஞ்ச வேங்கைப் பலகை ஒரு இஞ்சு கனத்துல எடு, பச்சை மரம் வாங்கிராத, காய காய முறுக்கிக்கும். போல்ட் ஓட்டை எல்லாம் முதல்லயே போட்டுட்டு, நாலு பக்கமும், வெட்டு முனையும், ஓட்டை உள்பக்கமும் விடாம ஆளிவிதை எண்ணெய் ரெண்டு மூணு கை குடு. இரும்பு மேல நேரா உக்கார வைக்காம நடுவுல ரப்பர் பட்டை வை, பலகைக்கும் பலகைக்கும் தண்ணி இறங்கற அளவு இடைவெளி விட்டு அது மேல இரும்புப் பட்டை ஓட்டு. போல்ட் தலை பட்டையோட சமமா உள்ள இறங்கி உக்காரணும், இல்லன்னா மூட்டை இழுக்கறப்ப சாக்கு மாட்டி கிழியும். உரம் ஏத்துன அன்னைக்கு மட்டும் தார்ப்பாய் விரிச்சிட்டு, இறக்குனதும் தண்ணி அடிச்சு கழுவிரு, உர உப்புதான் கீழ இருக்கற இரும்பை தின்னும். ஆனா பலகை வாங்கறதுக்கு முன்னாடி அந்த இடது ஹேங்கரை கழட்டி சுரண்டி போட்டோ போடு, எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாத்துட்டு என்ன கனத்துல பிளேட் வைக்கணும்னு சொல்றேன்.