டார்ச் வளையமும் அத்தையோட வாசலினும்

குடும்பக் குழு, ஞாயிறு

ரவி (காலை 8:12): [போட்டோ] டார்ச்சோட பின்மூடி திறக்கவே மாட்டேங்குது. பலம் போட்டுத் திருகினா கிரீச்சுனு கத்துது. மரைக்குப் பக்கத்துல இருக்கற ரப்பர் வளையம் காஞ்சு கிடக்கு. என்ன தடவலாம்?

மீனா அத்தை (8:14): வாசலின் தடவு கண்ணா. எல்லார் வீட்லயும் இருக்குமே

பெரியப்பா (8:15): தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. வேலை முடிஞ்சுது.

செல்வம் மாமா (8:15): டேய் ரவி எதையும் தடவிடாத!! பல் தேய்ச்சுட்டு வரேன்

அனு (8:16): 😂😂

செல்வம் மாமா (8:24): போன வருஷம் நானும் வாசலின்தான் தடவினேன். அன்னிக்கு மூடி வழவழன்னு திருகுச்சு, இத்தனை நாள் தெரியாமப் போச்சேன்னு சந்தோஷப்பட்டேன். ஒரு மாசம் கழிச்சு பேட்டரி மாத்தத் திறந்தா, வளையம் உப்பி அளவு பெருசான வளையல் மாதிரி தொங்குது. பள்ளத்துல உக்காரவே இல்ல. சும்மா இருந்திருக்கலாம். அழுத்தி உள்ள திணிச்சு மூடினேன். மரை விளிம்புல மாட்டி ஒரு ஓரத்தை நறுக்குனு சீவிட்டுப் போச்சு. அடுத்த மழையில டார்ச்சுக்குள்ள தண்ணி.

பெரியப்பா (8:26): ரப்பர்தானே? எண்ணெய் பட்டா என்ன ஆகும்? என் வண்டி எஞ்சின்ல சீல் எல்லாம் எண்ணெய்லதான் ஊறுது.

அனு (8:29): அது நைட்ரைல்ங்கற ரப்பர் வகை பெரியப்பா. பெட்ரோலிய எண்ணெய்க்கு அசையாது, அதனாலதான் எஞ்சின் பக்கம் போடறாங்க. ஆனா டார்ச் வளையம் நைட்ரைலாவும் இருக்கலாம், இ.பி.டி.எம். ரப்பராவும் இருக்கலாம், சிலிக்கானாவும் இருக்கலாம். இ.பி.டி.எம்.க்கு தண்ணி, வெயில் எல்லாம் ஓகே, மினரல் ஆயில், அதாவது பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது. உறிஞ்சி ஊதிடும். வாசலினும் பெட்ரோலியம், மிஷின் எண்ணெயும் பெட்ரோலியம். மாமா வளையம் அந்த ஜாதியா இருந்திருக்கும்

ரவி (8:30): என்னோடது கறுப்பு. எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அனு (8:31): கறுப்புன்னா பார்த்துச் சொல்ல முடியாதுண்ணா. நைட்ரைலும் கறுப்பு, இ.பி.டி.எம்.மும் கறுப்பு. பளிச்சுனு கலர்ல, இல்ல பாதி கண்ணாடி மாதிரி இருந்தா பெரும்பாலும் சிலிக்கான். டார்ச்சோட வந்த பேப்பர்ல போட்டிருக்கான்னு பாரு

ரவி (8:31): அந்தப் பேப்பரா 🙄

செல்வம் மாமா (8:35): பேப்பர் இல்லாட்டி பரவால்ல. கறுப்பு வளையம்னா சிலிக்கான் கிரீஸ் போடு. நைட்ரைலா இருந்தாலும் சரி, இ.பி.டி.எம்.மா இருந்தாலும் சரி, ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாது. ட்யூப்ல வேற எண்ணெய் கலக்காத சுத்த சிலிக்கான்னு போட்டிருக்கணும்.

மீனா அத்தை (8:36): அப்ப சிலிக்கான் வளையத்துக்கும் சிலிக்கான் கிரீஸ்தானே

செல்வம் மாமா (8:36): அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. அதுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ் கூடாது!

மீனா அத்தை (8:37): சொந்தத்துக்குள்ளயே ஒத்துக்காதா 😄

அனு (8:39): அதேதான் அத்தை. ரெண்டும் ஒரே இனம்ங்கறதால அந்த எண்ணெய் வளையத்துக்குள்ள சுலபமாப் புகுந்துடும், வளையம் உப்பிடும். அதுக்கு ஃபுளோரின் வகை கிரீஸ் இருக்கு, கிரைடாக்ஸ் மாதிரி. அது எந்த ரப்பரோடயும் சண்டைக்குப் போகாது. விலைதான் கூட

ரவி (8:41): வீட்ல டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருக்கு. அதை அடிச்சா?

செல்வம் மாமா (8:43): வேண்டாம்பா. அதுல பாதிக்கு மேல கரைப்பான். இருக்கற கிரீஸையும் கழுவிட்டு தானும் ஆவியாப் போயிடும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு வச்சுக்கோ. முதல்ல வளையத்தைக் கழட்டு. ஊசி, கத்தி முனை எதுவும் வேண்டாம், கீறல் விழுந்தா தண்ணிக்கு அதுவே வழி. ரெண்டு விரலால ரெண்டு பக்கமும் அமுக்கித் தள்ளு, நடுவுல சின்ன வில்லா எழும்பும். அதைப் பிடிச்சு உருட்டி எடு.

ரவி (8:55): மூடி ஒருவழியாத் திறந்துச்சு. வளையமும் எடுத்துட்டேன். [போட்டோ] இழுத்துப் பார்த்தா மெல்லிசா வெடிப்பு வெடிப்பா இருக்கு மாமா

பெரியப்பா (8:58): 1986ல சேலஞ்சர் விண்கலம் கிளம்பின 73 செகண்ட்ல சிதறினது இந்த மாதிரி ஒரு ரப்பர் வளையத்தாலதான் தெரியுமா.

அனு (8:59): ஆமா, அன்னிக்குக் குளிர்ல அது விறைச்சுப் போச்சு. அப்புறம் விசாரணையில இயற்பியல் விஞ்ஞானி ஃபெயின்மன் ஒரு துண்டை கவ்வியில இறுக்கி ஐஸ் தண்ணில போட்டு, எடுத்து விட்டா உடனே எழும்பலைன்னு எல்லார் முன்னாடியும் காட்டினார்

ரவி (8:59): என் டார்ச் மொட்டை மாடி வரைக்கும்தான் போகும் பெரியப்பா

செல்வம் மாமா (9:02): அண்ணே சொல்றதுல விஷயம் இருக்குடா. நகத்தால அமுக்கினா வளையம் உடனே எழும்பணும். வெடிப்பு விட்டதுக்கு எந்த கிரீஸும் உயிர் கொடுக்காது. வேற மாத்து. உள்விட்டம், தடிமன் ரெண்டும் மில்லிமீட்டர்ல அளந்துக்கோ. பழசு நீண்டிருக்கும், அதனால பள்ளத்தையும் சேர்த்து அளக்கணும்.

ரவி (9:10): அளக்கவே வேண்டாம் மாமா!! டார்ச் டப்பாவுல கைக்கயிறுக்கு அடியில குட்டிக் கவர். உள்ள ரெண்டு புது வளையம் 🙈 இத்தனை நாளா கண்ணுல படல

மீனா அத்தை (9:10): நல்ல பிள்ளை

செல்வம் மாமா (9:13): குழாய் வால்வுக்குப் போடற சிலிக்கான் கிரீஸ் எங்கிட்ட இருக்கு, கொண்டு வரேன். அதுக்குள்ள மரையில இருக்கற கறுப்பு மையைத் துணியால துடைச்சு வை. கிரீஸைப் பூசி மெழுகிடாத. உள்ளங்கையில துளி எடுத்து வளையத்தை அதுல உருட்டினா மினுங்கும், அவ்வளவுதான். வெள்ளையா திட்டுத் திட்டா தெரிஞ்சா ஜாஸ்தி. மண்ணும் தூசியும் வந்து ஒட்டி மரையையே அரைக்கும்.

ரவி (11:20): போட்டாச்சு. இப்ப ஒரு விரலால திருகுது. ஆனா லைட் மினுக் மினுக்குனு விட்டு விட்டு எரியுது 😟

செல்வம் மாமா (11:22): குழாயோட வாய் விளிம்பைப் பாரு. பெயின்ட் மாதிரி பூச்சு இல்லாம வெறும் அலுமினியம் பளபளன்னு தெரியும். கரண்ட் அது வழியாத்தான் போகுது, சிலிக்கான் கிரீஸ் கரண்டைக் கடத்தாது. அங்க ஈஷியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால அந்த விளிம்பை மட்டும் துடை. எதிர்ல மூடிக்குள்ள இருக்கற வட்டத்தையும்.

ரவி (11:31): சரியாயிடுச்சு 🔦

பெரியப்பா (11:33): இப்ப தண்ணில போட்டுப் பாரு.

அனு (11:34): பேட்டரியோட போடாதண்ணா! பேட்டரிக்குப் பதிலா டிஷ்யூவைச் சுருட்டி வச்சு மூடு. டார்ச்சுல ஐபிஎக்ஸ்7னு தண்ணி தாங்கற தரக் குறியீடு போட்டிருந்தா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கணும். உனக்கு வாளில பத்து நிமிஷம் போதும்

ரவி (11:52): [போட்டோ] டிஷ்யூ காஞ்ச மேனிக்கு இருக்கு

மீனா அத்தை (11:54): அப்ப என் வாசலினை என்ன பண்ண

அனு (11:54): உதட்டுக்குப் போடுங்க அத்தை