பெரிய இன நாய்களின் அன்றாடப் பராமரிப்பு: வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூர், கிரேட் டேன்

பெரிய நாய் வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்து வைத்திருக்க வேண்டிய கோளாறு ஒன்று உண்டு. இரைப்பை காற்றால் உப்பி, அந்த உப்பலோடு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். ப்ளோட் என்று பேச்சில் சொல்வார்கள், மருத்துவர்கள் ஜி.டி.வி. என்பார்கள். நெஞ்சுக்கூடு ஆழமாகவும் ஒடுங்கியும் அமைந்த இனங்களுக்கே இது அதிகம் வருகிறது. அந்த வரிசையில் கிரேட் டேனுக்கு முதலிடம். ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றுக்கும் இடம் உண்டு.

எங்கள் பீமனுக்கு அது ஓர் இரவில், சாப்பாடு முடிந்து சிறிது நேரத்தில் வந்தது. வாந்தி எடுக்கப் போவதுபோல ஓங்கரித்துக்கொண்டே இருந்தான். வெள்ளை நுரையைத் தவிர வேறொன்றும் வெளியே வரவில்லை. படுப்பான், உடனே எழுவான், தன் விலாப்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். விலா எலும்பு முடியும் இடத்தில் விரலால் தட்டிப் பார்த்தபோது மத்தளத்தைத் தட்டியது போன்ற ஓசை கேட்டது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். மனிதர்களின் வயிற்று உப்புசத்துக்கு அது கேட்கும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால், முறுக்கிக்கொண்ட இரைப்பைக்கு மேல்வழியும் கீழ்வழியும் அடைபட்டுவிடுகின்றன. உப்பிய இரைப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைந்துபோகிறது. கைமருத்துவத்தில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரிலிருந்து கழிகிற நேரம்தான்.

கிளம்புவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அறிகுறிகளைச் சொல்லிவிட்டதால், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எக்ஸ்ரேயும் அறுவை மேசையும் தயாராக இருந்தன. அறுபது கிலோவைத் தாண்டிய நாயைக் காரில் ஏற்றுவதே தனி வேலை. கெட்டியான ஜமுக்காளத்தை விரித்து, அவனை அதில் படுக்க வைத்து, நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கினோம். அன்று முதல் அந்த ஜமுக்காளம் கார் டிக்கியிலேயே இருக்கிறது. முன்னங்காலில் டிரிப் ஏற்றி, வயிற்றுத் தோல் வழியாகப் பருத்த ஊசி செலுத்தி முதலில் காற்றை இறக்கினார்கள். பிறகு வயிற்றைத் திறந்து, முறுக்கை நீக்கி, இரைப்பையை உள்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். அப்படித் தைத்துவிட்டால், பின்னாளில் காற்றால் உப்பினாலும் மறுபடி முறுக்கிக்கொள்வது அரிது. தாய், தந்தை, உடன்பிறந்த குட்டி என ஒன்றுக்காவது இது வந்திருந்தால், கருத்தடை அறுவை செய்யும்போதே இந்தத் தையலையும் முன்கூட்டிப் போட்டுவிடுவது குறித்து மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இப்போது ஒரே வேளையில் சட்டி நிறையப் போடுவது இல்லை; நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். அள்ளி விழுங்காமல் இருப்பதற்காக, நடுவில் மேடுகள் உள்ள தட்டில் வைக்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்டம், குதியாட்டம் கிடையாது. பெரிய நாய் குனியக் கூடாது என்று சொல்லி உயரமான உணவு ஸ்டாண்டுகளை விற்கிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் பெரிய இன நாய்களைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வில், உயரத்தில் வைத்துச் சாப்பிடும் நாய்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாகவே காணப்பட்டது. கழுத்து வலி போன்ற காரணத்துக்காக மருத்துவரே சொன்னால் ஒழிய, தட்டு தரையிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து.


மதுரை, லாப்ரடார்

மேலே உள்ளவர் ஓர் இரவில் வந்த ஆபத்தைச் சொன்னார். எங்கள் வீட்டில் வந்தது மெல்ல மெல்ல வந்தது. அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. லாப்ரடார் ஆண் நாய் ஒன்றின் எடை சுமார் 29 முதல் 36 கிலோ வரை இருக்கலாம் என்பது இனத்துக்குரிய அளவு. எங்கள் செல்வம் 46 கிலோவுக்குப் போய்விட்டது. பார்க்க வருபவர்கள் எல்லாரும் "நல்ல வளர்த்தி" என்று பாராட்டினார்கள். மாடிப்படி ஏறும்போது இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போல் தாவித் தாவி ஏறத் தொடங்கிய பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் தேய்ந்திருந்தது. மூட்டுக் கோளாறு பெரும்பாலும் மரபுவழியாக வருவது. ஆனால் அதன் வலியைக் கூட்டுவதும் குறைப்பதும் எடைதான் என்று மருத்துவர் விளக்கினார்.

லாப்ரடாரின் பசியை நம்பக் கூடாது. பசியை அடக்கும் பணியைச் செய்கிற பி.ஓ.எம்.சி. என்னும் மரபணுவில் ஒரு பகுதி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு விடுபட்டுப்போயிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் கண்டறிந்தார்கள். தட்டை நக்கிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கு உண்மையிலேயே வயிறு நிறைந்த உணர்வு இல்லாமல் இருக்கலாம்; அதற்காக இன்னொரு கரண்டி போடுவது அதற்குச் செய்யும் நன்மை ஆகாது. 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்த தீனியைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

செல்வத்துக்குச் சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணியும் பீன்ஸும் சேர்த்தோம். தயிர் சோற்றுக்குப் பின் கிடைத்த பிஸ்கட் நின்றது. அதை நிறுத்துவதற்கு நாயைவிட என் மாமியாரைச் சமாதானப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். தராசு இல்லாத வீட்டுக்கு இந்த அளவே போதும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கி அகல்வது மூட்டுக்குக் கெடுதல் என்பதால், அவன் நடமாடும் தடத்தில் ரப்பர் விரிப்பும், படுக்கக் கயிற்றுக் கட்டிலும் போட்டிருக்கிறோம். வெறும் சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் நீர் கோத்து வீங்கியிருந்ததும் கட்டிலுக்கு மாறிய பின் வற்றிவிட்டது. அந்த வீக்கத்தை ஊசி குத்தி வடிக்காதீர்கள். கிருமி உள்ளே போனால் ஆறுவது பெரும்பாடு.

குட்டி வளர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எலும்பு பலமாக வேண்டும் என்று பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவது நம் ஊரில் ஏறக்குறைய சடங்காகவே ஆகிவிட்டது. இளங்குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் போதிய அளவு இருப்பதில்லை. கூடுதலாகச் சேரும் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுத்துக் காலை வளைத்துவிடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான உணவைக் கொடுக்கும் வீட்டில் டானிக் தேவையே இல்லை. வெறும் சோறும் இறைச்சியும் கொடுப்பவர்களுக்குக் கால்சியம் வேண்டியதுதான்; அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.


இராஜபாளையம், இராஜபாளையம் நாய்

வெளிநாட்டு இனங்களைப் பற்றியே பேச்சு போவதால் எங்கள் ஊர் நாயைப் பற்றியும் எழுதுகிறேன். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால் தலைகளில் இதுவும் ஒன்று. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்று விலை பேசுகிறார்கள். அந்த வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாதபோது, ஒலியை உணரும் செல்கள் குட்டிப் பருவத்திலேயே சிதைந்துபோகின்றன.

எங்களிடம் வந்த பெண்குட்டி வெள்ளையம்மா, கூப்பிட்டால் திரும்பாது. தூங்கும்போது பாத்திரம் விழுந்தாலும் காது அசையாது. பிடிவாதக் குட்டி என்று கொடுத்தவர் சொன்னார். பின்னால் நின்று, காற்றோ நிழலோ அதன்மேல் படாதபடி சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தபோது விளங்கிவிட்டது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மின்கருவிச் சோதனைதான் வேண்டும்.

காது கேளாத பெரிய நாயை வளர்ப்பதில் ஆபத்தான இடம் ஒன்றே: அது தூங்கும்போது திடீரெனத் தொடுவது. திடுக்கிட்டுக் கவ்விவிடும், அந்தத் தாடைக்குள் குழந்தையின் கை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூக்கருகே கையை நீட்டி, வாசனையால் எழுப்ப வேண்டும். மரத்தரையாக இருந்தால் காலால் தட்டினாலும் அதிர்வில் எழும். கையை மேலே உயர்த்தினால் வா, உள்ளங்கையைக் காட்டினால் நில் என்று சைகையிலேயே எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது. சாலையில் வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் தோல்வார் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. குட்டி போட விடவில்லை. இந்தக் குறையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவதற்கு எந்த நியாயமும் கிடையாது.


சென்னை, ஜெர்மன் ஷெப்பர்டு

உண்ணி என்றாலே அழுக்கு வீடு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எங்கள் வீடு தினமும் துடைக்கப்படுகிற வீடுதான். நாயின் மேல் இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்திவிட்டால் அந்த இடுக்குகளிலிருந்து மறுபடி வரும்.

எங்கள் ராணாவுக்கு முதலில் சோர்வும் காய்ச்சலும் இருந்தன. அப்புறம் ஒரு காலையில் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. பரிசோதனையில் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி, பழையபடி வாலாட்டுவதைப் பார்த்ததும் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி, பின்னாளில் எலும்பு மஜ்ஜையையே தாக்கக்கூடும். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது பெரும்பாலும் பேபீசியா என்ற வேறொரு உண்ணி நோய். அதற்கு மருந்தும் வேறு.

மாலையில் காது மடலின் உள்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, வாலின் அடிப்பகுதி என்று நால்வகை இடத்தையும் கையால் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது; தோல் வெந்துவிடும். பெர்மெத்ரின் கலந்த மருந்தைத் தடவினால், அதே வீட்டில் பூனை இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

காய்ச்சல் என்றதும், நாற்பது கிலோ நாய்தானே, ஒரு பாராசிட்டமால் தாங்கும் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். எடை மனிதனுக்குச் சமமாக இருந்தாலும் கல்லீரல் மனிதனுடையது அல்ல. இபுபுரூஃபன் இன்னும் மோசம். வயிற்றில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாயின் இயல்பான உடல்வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று முடிவுக்கு வர முடியாது. தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்து, ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிட வேலைதான். 104-ஐத் தாண்டினால் நாங்கள் மருத்துவரை அழைத்துவிடுகிறோம்.