யமஹா ஆர்எக்ஸ் 100: ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) எவ்வளவு இழைக்கலாம்?

கோவை98: அண்ணன்களுக்கு வணக்கம். ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் துளை கம்பெனி அளவில்), புது பிஸ்டன். லேத்காரர் "ஒரு மிமீ எடுத்துடலாம், வண்டி பறக்கும்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளையில் சிரிஞ்சால் ஆயில் விட்டுப் பார்த்தேன். மரையின் அடி வரை 12 சிசி. எடுக்கலாமா?

பழைய டூ-ஸ்ட்ரோக்: தம்பி, ஸ்குவிஷ் இடைவெளி (உச்சியில் நிற்கும் பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ளது) அளந்தாயா? 2 மிமீ சால்டர் கம்பியை, பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) இருக்கும் திசையில் இரு பக்கமும் சுவரைத் தொடும்படி வைத்து, கிக்கரைக் கையால் மெதுவாகத் தள்ளு. நசுங்கிய நுனியை வெர்னியரில் பார். பின்னுக்குக் குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடும், அளவு பொய் சொல்லும்.

கோவை98: இரு பக்கமும் 1.6 மிமீ அண்ணே.

பழைய டூ-ஸ்ட்ரோக்: சரி, 0.6 மட்டும் எடு. 50 மிமீ போரில் 0.1 மிமீக்கு ஏறக்குறைய 0.2 சிசி குறையும். 12 சிசி 10.8 ஆகும், கம்ப்ரெஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 9.2-இலிருந்து 10.1. லேத்காரர் பேச்சைக் கேட்டால் மிஞ்சுவது 0.6 மிமீ இடைவெளிதான். கிராங்க் பேரிங் லேசாகத் தேய்ந்திருந்தாலும் பிஸ்டன் ஹெட்டில் முட்டலாம். அப்படி முட்டிய என் பிஸ்டன் இப்போது மேசையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

ஈரோட்டுக்காரன்: ஹெட்டைத் தொடாமல் பேஸ் கேஸ்கெட்டை (சிலிண்டருக்கு அடியில் வரும் தகட்டை) மெலிதாகப் போட்டால்?

பழைய டூ-ஸ்ட்ரோக்: சிலிண்டரே கீழே இறங்கும், போர்ட் டைமிங் (சிலிண்டர் சுவரின் துளைகள் திறந்து மூடும் நேரம்) மாறிவிடும். அது வேறு கதை. அப்புறம் தம்பி, இழைத்ததும் மறுபடி கம்பி வைத்து அள.